ராபர்ட் ஹாட்ஃபீல்டு

சர் ராபர்ட் ஆபட் ஹாட்ஃபீல்டு (நவம்பர் 28, 1858 – செப்டம்பர் 30, 1940) இங்கிலாந்தைச் சேர்ந்த உலோகவியலாளரும் தொழிலதிபரும் ஆவார். 1882-ஆம் ஆண்டில் மாங்கனீசு எஃகைக் கண்டுபிடித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். தேய்மானத்தைத் தாங்குவதற்கென உருவான கலப்பு எஃகுகளில் இதுவே முன்னோடியாகும். இது இன்றும் ஹாட்ஃபீல்டு எஃகு என்றே வழங்கப்படுகிறது. தில்லி இரும்புத் தூணையும் இலங்கையின் பண்டைய இரும்புப் பொருட்களையும் இவர் வேதியியல் முறையில் ஆராய்ந்துள்ளார்.

இளமை

இவர் எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற செஃபீல்டு நகரின் ஆட்டர்கிளிஃப் பகுதியில் பிறந்தார். தந்தையாரின் பெயரும் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்பதே. அவர் 1872-இல் எஃகு வார்ப்படச் சாலை ஒன்றை நிறுவினார். எஃகை உருக்கி அச்சில் வார்க்கும் தொழில் அக்காலத்தில் இங்கிலாந்தில் புதியதாக இருந்தது. கல்லூரிப் பள்ளியில் பயின்ற இளைய ராபர்ட், பல்கலைக்கழகம் செல்லாமல் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட தந்தை, ஆய்வுகள் செய்ய ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார்.

மாங்கனீசு எஃகு

பிரான்சின் டெர்நுவார் நிறுவனம் மாங்கனீசு மிகுந்த இரும்புக் கலவைகளைப் பற்றி வெளியிட்ட குறிப்புகள் இவரது கவனத்தை ஈர்த்தன. டிராம் வண்டிச் சக்கரங்கள் போன்ற, விரைவில் தேய்ந்துபோகும் பொருட்களுக்குக் கடினமான எஃகு ஒன்றை இவர் தேடிவந்தார். எஃகில் மாங்கனீசு சற்று மிகுந்தாலே அது நொறுங்கும் தன்மை பெறும் என்பது அன்றைய பொதுக் கருத்து. எனவே பிறர் அவ்வழியில் மேலும் செல்லவில்லை. ஹாட்ஃபீல்டு மாங்கனீசின் அளவைப் படிப்படியாகக் கூட்டி வரிசையாக ஆய்வுகள் செய்தார். அளவு ஏறத்தாழ 12 விழுக்காட்டை அடைந்தபோது எதிர்பாராத விளைவு கிடைத்தது. ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி நீரில் தோய்த்தபின், அந்த எஃகு நொறுங்கும் தன்மையை இழந்து மிகுந்த உறுதியைப் பெற்றது. சாதாரண எஃகோ இவ்வாறு நீரில் தோய்த்தால் கடினமாகி எளிதில் உடையும். மேலும், இரும்பே பெரும்பகுதியாக இருந்தும் புதிய எஃகைக் காந்தம் ஈர்க்கவில்லை.

இவ்வெஃகின் முதன்மையான இயல்பு, அடிக்க அடிக்கக் கடினமாதல் ஆகும். வார்த்துத் தோய்த்த நிலையில் இதன் கடினத்தன்மை ஏறத்தாழ 200 பிரினெல் அளவே. தொடர்ந்து பலத்த மோதல் நிகழும்போது மேற்பரப்பு மட்டும் ஏறத்தாழ 500 பிரினெல் வரை உயர்கிறது. உட்பகுதி முன்போலவே உறுதியாக, உடையாமல் நிற்கிறது. 1883-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் இலண்டனின் குடிசார் பொறியாளர் கழகத்தில் இதைப்பற்றிய விரிவான கட்டுரையை அளித்தார்.

பயன்பாடுகள்

சக்கரங்கள் ஓயாது மோதும் தொடர்வண்டிப் பாதைச் சந்திப்புகள், பாறை உடைக்கும் இயந்திரங்களின் தாடைகள், தூர்வாரும் இயந்திரங்களின் வாளிகள் ஆகியவற்றிற்கு இவ்வெஃகு பொருத்தமாக அமைந்தது. 1892 முதல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்திலும் இது வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் அணிந்த பிராடி தலைக்கவசங்கள் 1915-இன் பிற்பகுதி முதல் இவ்வெஃகால் செய்யப்பட்டன. இந்தியத் தொடர்வண்டித் துறையும் பாதைகள் குறுக்கிடும் இடங்களில் மாங்கனீசு எஃகு வார்ப்புகளைப் பயன்படுத்துகிறது.

மணல் கலப்பு இயந்திரங்களும் இவ்வெஃகின் எல்லையும்

ஹாட்ஃபீல்டு எஃகு எல்லா வகைத் தேய்மானத்திற்கும் ஏற்றதன்று. இதற்கு வார்ப்படச் சாலைகளின் மணல் கலப்பு இயந்திரம் தக்க எடுத்துக்காட்டாகும். இவ்வியந்திரத்தின் வட்டமான தொட்டியில் சிலிக்கா மணல், களிமண், நீர் ஆகியவை இடப்படுகின்றன. கனமான உருளைகள் அவற்றை அழுத்தித் தேய்க்க, கலப்பைத் தகடுகள் கிளறிவிடுகின்றன. தொட்டியின் அடிப்பகுதியும் சுவர்களும் தேயாமல் இருக்க, கழற்றி மாற்றக்கூடிய காப்புத் தகடுகள் பொருத்தப்படுகின்றன.

இங்கு மணல் தகட்டின்மீது உராய்ந்து செல்கிறதே தவிர, பலமாக மோதுவதில்லை. மோதல் இன்மையால் மாங்கனீசு எஃகு கடினமாவதில்லை. தொடக்க நிலையிலேயே இருந்து மணலால் கீறப்பட்டுத் தேய்கிறது. மணலிலுள்ள குவார்ட்சின் கடினத்தன்மை ஏறத்தாழ 1000 விக்கர்சு ஆகும். எனவே அதைவிடக் கடினமான துகள்களைத் தன்னுள் கொண்ட உலோகமே இவ்விடத்திற்குத் தேவை. குரோமியம் மிகுந்த வெள்ளை வார்ப்பிரும்பில் 12 முதல் 28 விழுக்காடு வரை குரோமியம் உள்ளது. அதில் உருவாகும் குரோமியம் கார்பைடு ஏறத்தாழ 1500 விக்கர்சு கடினத்தன்மை உடையது. ஏறத்தாழ 4 விழுக்காடு நிக்கலும் 2 விழுக்காடு குரோமியமும் சேர்ந்த வெள்ளை வார்ப்பிரும்பும் பயன்படுகிறது. இதன் கார்பைடு அத்துணைக் கடினமானதன்று.

வெள்ளை வார்ப்பிரும்பிற்கும் குறை உண்டு. திரும்பி வரும் மணலில் தப்பிக் கிடக்கும் இரும்புத் துண்டு உருளைக்கு அடியில் சிக்கினால் தகடு விரிசல் விடலாம். துளையிடுவதும் பற்றவைப்பதும் கடினம் என்பதால், திருகாணித் துளைகளை வார்க்கும்போதே அமைத்துவிடுகின்றனர். காந்தத்தால் இரும்புத் துண்டுகளை முன்கூட்டியே நீக்குவதும் வழக்கம். ஆகவே, மோதல் மிகுந்த இடத்திற்கு மாங்கனீசு எஃகும், உராய்வு மிகுந்த இடத்திற்குக் குரோமிய வார்ப்பிரும்பும் என்று தேய்மானத்தின் வகையறிந்து தெரிவு செய்யப்படுகிறது. பெயர்பெற்ற எஃகு என்பதற்காக மட்டும் ஒன்றைத் தெரிந்தெடுத்தால், தகடுகளை அடிக்கடி மாற்றும் செலவும் வேலை நிறுத்தமும் நேரும்.

காவிரிப் படுகையில் இதே நிலை அரிசி ஆலைகளில் காணப்படுகிறது. நெல் உமியின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை சிலிக்கா உள்ளது. நெல்லும் உமியும் வழுக்கிச் செல்லும் சரிவுப் பாதைகளின் தகடுகள் உராய்வாலேயே தேய்கின்றன. எனவே அங்கும் மாங்கனீசு எஃகின் சிறப்பு வெளிப்படுவதில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தின் சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் அச்சிற்குக் காவிரியின் வண்டல் மண்ணைப் பயன்படுத்துகின்றனர். மெழுகு உருவின்மீது முதலில் நுண்ணிய வண்டலையும், பின்னர் மணல் கலந்த களிமண்ணையும் பூசுகின்றனர். அங்கு மண்ணைப் பக்குவப்படுத்துவது கைத்தொழிலாக இருந்துவந்தது. பெரிய அளவில் இயந்திரத்தால் மணலைக் கலக்கும் ஆலைகளிலேயே காப்புத் தகடுகளின் தெரிவு செலவைத் தீர்மானிக்கும் சிக்கலாகிறது.

பண்டைய இரும்பு பற்றிய ஆய்வுகள்

1912-இல் இலங்கையின் பண்டைய இரும்பு, எஃகுப் பொருட்களைப் பற்றிய ஆய்வை ஹாட்ஃபீல்டு வெளியிட்டார். சிகிரியாவில் கிடைத்த, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உளி ஒன்றில் கரிமம் ஏற்றப்பட்ட அடையாளங்களைக் கண்டார். தில்லி இரும்புத் தூணின் மாதிரியையும் பகுத்தாய்ந்து, அதில் 0.114 விழுக்காடு பாசுபரசு இருப்பதைக் காட்டினார். தூண் துருப்பிடிக்காமல் நிற்பதற்கு இந்த மிகுதியான பாசுபரசே முதன்மைக் காரணம் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினர்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்ட உருக்கு, ஐரோப்பாவில் ஊட்சு என்ற பெயரில் அறியப்பட்டது. அதன் இயல்பை அறிய முயன்ற மைக்கேல் ஃபாரடே, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல கலப்பு எஃகுகளைச் செய்துபார்த்தார். நூறாண்டுகளுக்குப் பின் அம்மாதிரிகளை ஹாட்ஃபீல்டு மீண்டும் ஆராய்ந்து, 1931-இல் நூலாக வெளியிட்டார்.

பிற பணிகளும் சிறப்புகளும்

1888-இல் தந்தை இறந்தபின் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். இவர் உருவாக்கிய சிலிக்கான் எஃகு மின்மாற்றிகளின் ஆற்றல் இழப்பைக் குறைத்தது. 1890-களிலேயே தம் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையை நடைமுறைப்படுத்தினார். 1894-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரான்செஸ் விக்கர்சாமை மணந்தார். அவ்வம்மையார் முதல் உலகப் போரின்போது பிரான்சில் மருத்துவமனை ஒன்றை நடத்தினார்.

ஹாட்ஃபீல்டு 1904-இல் பெசிமர் தங்கப் பதக்கமும், 1908-இல் சர் பட்டமும் பெற்றார். 1909-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1917-இல் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. 1940-இல் சர்ரேயில் காலமானார். இவருக்குக் குழந்தைகள் இல்லாமையால் அப்பட்டம் இவருடன் முடிவுற்றது.