யாழ்ப்பாணத்து வைத்தியர் கிறீன்

குரங்கணி மலைச்சரிவிலே ஏலத்தோட்ட வேலை செய்து முதுமையெய்தியவர், நமக்குச் சிற்றப்பன் முறையினரான ஒருவர். அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுப்பிக்கும்பொருட்டு நாம் அவருடன் போடிநாயக்கனூருக்குச் சென்றிருந்தோம். மரத்துப்போகும் ஊசி இருமுறை போட்டும் தாடை மரக்கவில்லை. பின்னர் எடுத்த எக்ஸ்ரே படத்தில், தாடையெலும்பினுள் நரம்பு செல்லும் கால்வாய் ஒன்றாயிராமல் இரண்டாகக் கிளைத்திருந்தது தெரிந்தது. வேறிடத்தில் மூன்றாம் ஊசி போட்ட பின்னரே பல்லை எடுத்தார்கள். அவ்விளம் வைத்தியர் கைத்திறமுள்ளவரே. ஆயினும் அவர் கற்ற கலை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தபடியால், இது நோயன்று, சிலர்க்குப் பிறவியில் அமையும் வேற்றுமை என்பதைத் தமிழிற் சொல்ல அவருக்குச் சொல் எழவில்லை. தம் தாடையில் ஏதோ புற்று இருக்கிறதென்று எண்ணிய சிற்றப்பனார் ஊர் சேரும்வரையில் வாய் திறந்தாரில்லை. அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர்.

இவர் 1822-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வுஸ்டர் நகரிலே பிறந்தார். நியூயார்க் நகரத்தைப் பெருநகராக்கிய ஆண்ட்ரூ கிறீன் இவருக்கு உடன்பிறந்தவர். அந்நியூயார்க்கிலேயே 1845-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1847-ல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் தங்கி, பிணி தீர்த்ததோடமையாது இளைஞர்க்கு வைத்தியமும் கற்பிக்கத் தொடங்கினார்.

தொடக்கத்திற் போதனை ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவ்வாறு கற்றோரோ பெரும்பாலும் சர்க்கார் சம்பளத்தை நாடினர். கிராமங்கள் வைத்தியரில்லாமலே கிடந்தன. தமிழிற் பயின்றவன் தன் ஊரிலேயே தங்கித் தன் ஜனங்களுக்குப் பணி செய்வான் என்று கிறீன் துணிந்தார். மாணாக்கர் ஐரோப்பிய உடையும் நடையும் மேற்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. 1857-ல் தாயகஞ் சென்று 1862-ல் மீண்டு வந்தவர், 1864 முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்தலானார். அவரிடம் இருமொழியிலும் பயின்று வைத்தியரானோர் 60க்கு மேற்பட்டவர்.

வகுப்புக்குப் புத்தகம் வேண்டுமே! இலண்டனில் 1858-ல் வெளிவந்தது ஹென்றி கிரே என்பவரின் உடற்கூற்று நூல். அதை இயற்றியவர் 1861-ல் அம்மை கண்டு, தம் 34-ம் வயதில் இறந்துபோனார். அந்நூலைக் கிறீன் தம் மாணாக்கர் துணையுடன் தமிழாக்கி, மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரால் 1872-ல் வெளியிட்டார். இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களும் அவ்வரிசையில் வந்தன. ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுவார். கிடையாவிடின் சம்ஸ்கிருதத்தை நாடுவார். அதுவும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்திற் பெய்வார். அவருடைய நடை வடசொல் மிகுந்து கரடுமுரடானது என்பதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் பாதையில்லாக் காட்டில் முதலில் நடந்தவர் காலில் முள் தைப்பது இயல்பு.

கிரேயின் நூல் கீழ்த்தாடையெலும்பை விரிவாகக் கூறுவது. மோவாயின் பக்கத்தே நரம்பு வெளிப்படும் துவாரம் குழந்தைக்குத் தாடையின் கீழ்விளிம்பை ஒட்டியும், நடுவயதினர்க்கு இடையிலும், பல்லுதிர்ந்த முதியோர்க்கு மேல்விளிம்பை அடுத்தும் இருக்குமென்பது அதிற் கண்ட செய்தி. பல் போனபின் மேலெலும்பு தேய்வதே இதற்குக் காரணம். வயதால் வரும் இம்மாற்றத்தை வெறும் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே அறியலாம். உயிருள்ளவன் தாடைக்குள் இருப்பதை அக்காலத்தில் எவரும் கண்டதில்லை.

1873-ல் உடல் நலங்குன்றித் தாயகந் திரும்பியும் கிறீன் தமிழை விட்டாரல்லர்; உடலியல் நூலொன்றை 1883-ல் வெளிப்படுத்தினார். 1884 மே 28-ந் தேதி வுஸ்டரில் உயிர் நீத்தார். அவர் பயின்ற அதே நியூயார்க் கலாசாலையிற் பின்னாளிற் பட்டம் பெற்ற ஹால்ஸ்டெட் என்பவரும் அவர் துணைவரும், கோகேயின் மருந்தைத் தாடை நரம்பருகே செலுத்தி அதை மரக்கச் செய்தது அவ்வருஷத்தின் இறுதியிலாகும். ராண்ட்கன் தம் கதிர்களைக் கண்டது 1895-ல். இவ்விரண்டும் சேர்ந்த பின்னர்தான் தாடையின் வேற்றுமைகள் நோயாளிக்கும் வைத்தியருக்கும் பொருளாயின. கால்வாய் சிலர்க்கு இரண்டாகக் கிளைக்கும். சிலர்க்குக் கடைசிப் பல்லின் பின்னே ஒரு கிளை வெளிவரும். சிலர்க்கு மோவாய்த் துவாரம் ஒரே பக்கத்தில் இரண்டிருக்கும். தாடை முழுவதையும் ஒரே தளத்திற் காட்டும் படத்தில் நுண்ணிய கிளைகள் தப்பிவிடும்; இக்காலத்துக் கூம்புக்கதிர் சி.டி. படம் அவற்றையும் காட்டும்.

கிறீனுக்குப் பின் தமிழில் வைத்தியம் கற்பிக்கும் வழக்கம் நிலைபெறவில்லை. 

மறுநாட்காலை, ஒரு காகிதத்தில் தாடையை வரைந்து சிற்றப்பனாரிடம் காட்டினோம். கொட்டகுடி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் சில வயல்களுக்கு ஒன்றாய்ப் போவதும், சிலவற்றுக்கு இரண்டாய்ப் பிரிவதும்போலத்தான் அவர் தாடையும் என்று சொன்னோம். ஒரு மடையை அடைத்தால் மறு மடையில் தண்ணீர் வருமல்லவா என்று அவரே முடித்துவிட்டு, முந்தைய நாள் தொடாத கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.