நிழலில் வண்ணம் வளர்த்த கெர்ட்ரூட் ஜீக்கில்

மரநிழல் விழும் நிலத்தைப் பயிருக்கு உதவாதது என்று ஒதுக்கிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் ஒரு பெண்மணி அப்படிப்பட்ட நிலத்தைத் தேடி வாங்கினார். சத்தில்லாத மணல், வெட்டி முடித்த பைன் காட்டின் மிச்சம், தானாக முளைத்த புதர்கள். மொத்தம் 15 ஏக்கர். அதை இலையுதிர் காலத்து நிறங்களுக்கும் நிழல் செடிகளுக்கும் பேர்பெற்ற தோட்டமாக மாற்றினார். கிட்டப்பார்வைக் கோளாறு முற்றி, கண் பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் செய்த வேலை இது. அவர்தான் கெர்ட்ரூட் ஜீக்கில்.

தூரிகையிலிருந்து மண்வெட்டிக்கு

ஜீக்கில் 1843 நவம்பர் 29 அன்று லண்டனில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் சர்ரே மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள வயல், வேலி, குடிசைத் தோட்டங்களைப் பார்த்தே வளர்ந்தார். 1861-ல் லண்டனில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுபடும் என்பதை அங்கே முறையாகப் படித்தார். ஓவியத்தோடு பூவேலைத் தையல், வெள்ளி வேலை, மர வேலை என்று பல கைத்தொழில்களையும் கற்றார்.

நுணுக்கமான வேலை கண்ணை வாட்டியது. 1891-ல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் சென்றார். தையலையும் ஓவியத்தையும் குறைத்தே தீர வேண்டும் என்பது மருத்துவரின் முடிவு. அப்போது அவருக்கு வயது 47. கைத்தொழிலே வாழ்க்கை என்றிருந்தவருக்கு அது பேரிழப்பு. ஆனால் தோட்ட வேலை அவருக்குப் புதிதல்ல. பல ஆண்டுகளாகச் செய்துவந்த அந்த வேலையே இனி முழுநேரப் பணி ஆயிற்று. ஊசி முனையைக் கூர்ந்து பார்க்க முடியாத கண்ணுக்கு, பத்தடி நீளத்துக்குப் பரந்த ஒரே நிறப் பூத்திட்டு நன்றாகவே தெரிந்தது.

முதலில் தோட்டம், பிறகு வீடு

கொடல்மிங் ஊருக்கு அருகில் மன்ஸ்டெட் வுட் எனப்படும் இந்த நிலத்தை 1880-களின் தொடக்கத்தில் வாங்கினார். மனை வாங்கியவர் முதலில் வீடு கட்டுவார். ஜீக்கில் முதலில் தோட்டம் போட்டார். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1896-97-ல்தான் வீடு எழுந்தது. அதைக் கட்டியவர் எட்வின் லட்டியன்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர். பின்னாளில் புதுடெல்லியை வடிவமைத்தவரும், இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டியவரும் அவரே.

காட்டுப் பகுதியை அவர் கையாண்ட விதம் வேளாண்மை படித்தவர்கள் கவனிக்க வேண்டியது. பைன் மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் பிர்ச், ஹாலி, ஓக், செஸ்ட்நட் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. அவற்றை அழித்துவிட்டுப் புதிய கன்று நடவில்லை. சில ஆண்டுகள் வளரவிட்டு, எந்த இடத்தில் எது செழிக்கிறது என்று பார்த்தார். பிறகு கலைத்துவிட்டார். ஓரிடத்தில் பிர்ச்சும் ஹாலியும், இன்னோரிடத்தில் ஓக், வேறோரிடத்தில் செஸ்ட்நட் என்று ஒவ்வொரு பகுதியிலும் ஓரிரு மரங்களே மேலோங்கி நிற்கும்படி விட்டார். நட்டதைவிட நீக்கியதே அங்கு அதிகம். அதனால் நிழல் ஒரே சீராக இல்லாமல், அடர் நிழல், அரை நிழல், சிதறிய வெயில் என்று பலவகையாக அமைந்தது. அந்தந்த நிழலுக்கு ஏற்ற செடி அந்தந்த இடத்துக்குப் போயிற்று.

இலை சிவப்பது ஏன்?

குளிர் நாடுகளில் செப்டம்பர் முடிவிலிருந்து பகல் குறுகும், இரவு குளிரும். மரம் இலையிலுள்ள தழைச்சத்தில் கணிசமான பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கும். பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரியும். பிர்ச் இலை பொன்னிறமாவது இப்படித்தான். சிவப்பு நிறத்தின் கதை வேறு. அந்தோசயனின் என்ற அந்த நிறமி, இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்த நேரத்தில் புதிதாக உருவாவது. அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே ஒரே செடி அடர் நிழலில் வெளிறிய மஞ்சளாகவும், காட்டோரத்தில் செக்கச்சிவப்பாகவும் நிற்கும்.

அசேலியா செடிகளை ஜீக்கில் காட்டுக்குள் மரம் விலகிய திறப்பில் நட்டார். அங்கே அரை நிழலும் போதிய வெளிச்சமும் கிடைத்தன. வசந்தத்தில் பூவுக்காகவும், அக்டோபரில் சிவக்கும் இலைக்காகவும் அவை இரண்டு முறை பயன் தந்தன. இளஞ்சிவப்புக் காயும் ஆரஞ்சு விதையும் காட்டும் ஸ்பிண்டில் மரத்தையும் அவர் இந்தப் பருவத்துக்காக விரும்பினார். திறந்த வெளியில், செப்டம்பர், அக்டோபரில் பூக்கும் ஊதா, வெள்ளை ஆஸ்டர்களுக்கென்றே தனிப் பாத்திகள் வைத்திருந்தார். செடி சாயாமல் இருக்கக் கோடையிலேயே கிளைக் குச்சிகளை ஊன்றிவிடுவார். பூக்கும்போது குச்சி கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபரே நடவுப் பட்டம்

மற்றவர்கள் தோட்டம் முடிந்தது என்று கருவிகளைத் துடைத்து வைக்கும் மாதத்தில் ஜீக்கிலின் நடவு தொடங்கும். புதர்களை அக்டோபரிலேயே நட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. காரணம் எளிது. காற்று குளிர்ந்தாலும் மண்ணில் கோடையின் சூடு மிச்சமிருக்கும். மழை ஈரமும் உண்டு. இலை உதிர்ந்துவிட்டதால் செடி நீரை வெளிவிடுவது மிகக் குறைவு. மேலே செடி உறங்கினாலும் கீழே வேர் பிடித்துக்கொள்ளும். வசந்தத்தில் நட்ட செடி வேர்விடவும் துளிர்விடவும் ஒரே நேரத்தில் போராடும்போது, அக்டோபர் நடவு ஒரு படி முன்னால் நிற்கும். நம் ஊரில் ஆடிப் பட்டம் பார்ப்பதைப் போல அது அந்த மண்ணுக்கான பட்டம்.

நடவில் அவர் கண்டிப்பானவர். தொட்டியில் வளர்ந்து வேர் சுருண்ட செடியை அப்படியே குழியில் இறக்கக் கூடாது, வேரைப் பிரித்துப் பரப்பி நட வேண்டும் என்பார். நாற்றுப்பையில் வேர் சுற்றிய மாங்கன்றை நட்டு ஏமாந்த எவருக்கும் இதன் அருமை தெரியும். பல்லாண்டுச் செடிகளைத் தூர் பிரித்து நடுவதும் இதே மாதத்து வேலை.

நவம்பரில் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிச் சேர்ப்பார்கள். எரிப்பது இல்லை. அவை மக்கி மணல் மண்ணுக்கு உரமாயின. இமயமலைக் காடுகளிலிருந்து வந்த ராட்சத லில்லிக்காக மர நிழலில் ஆழக் குழி எடுத்து, மக்கிய பொருள்களை நிரப்பினார். மரவேர்கள் ஈரத்தையும் சத்தையும் பறித்துக்கொள்ளும் இடத்தில் வேறு வழியில்லை. அந்த லில்லி 10 அடி உயரம் வளரும். வாழையைப் போல ஒருமுறை பூத்ததும் தாய்க்கிழங்கு மடிந்து, பக்கக்கன்றுகள் தொடரும்.

டாஃபடில் கிழங்குகளையும் மரங்களுக்கிடையே நட்டார். பழைய பொதிக்குதிரைப் பாதைகளின் பள்ளங்களை ஒட்டி, ஆறு ஓடுவதுபோல் நீளநீளமாக அவற்றை வளரவிட்டார். இதிலும் ஒரு கணக்கு உண்டு. மரங்கள் வசந்தத்தில் இலைவிட்டு நிழலை மூடுவதற்குள் கிழங்குச் செடி முளைத்து, பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துக்கொள்ளும். மரம் இலையில்லாமல் நிற்கும் வாரங்களே அதன் பருவம்.

விதைத் தேர்வில் பொறுமை

ஓக், ஹேசல் மரங்களின் அடியில் ப்ரிம்ரோஸ் வளர்த்தார். வெள்ளையும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடிகளில் சிறந்தவற்றுக்கு அடையாளம் வைத்து, அவற்றின் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். மற்றவற்றைக் கழித்தார். பல பத்தாண்டுகள் விடாமல் இதைச் செய்தார். அந்த வகை மன்ஸ்டெட் என்ற ஊர்ப் பெயரோடு பரவியது. ஆய்வுக்கூடம் இல்லை, உதவித்தொகை இல்லை. நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு ஒதுக்கும் உழவரின் அதே முறைதான்.

1897-ல் அரச தோட்டக்கலைக் கழகம் விக்டோரியா கௌரவப் பதக்கத்தை முதன்முதலாக 60 பேருக்கு வழங்கியது. அவர்களில் பெண்கள் இருவர். ஒருவர் ஜீக்கில். 1899-ல், காடும் தோட்டமும் என்று பொருள்படும் முதல் நூலை வெளியிட்டார். தோட்ட வேலைகளை மாதவாரியாகச் சொல்லும் அந்த நூலில் அவரே எடுத்த படங்கள் இருந்தன. வாழ்நாளில் சுமார் 400 தோட்டங்களுக்குத் திட்டம் தந்தார். முதுமையில் பல இடங்களை நேரில் பார்க்காமலே, வரைபடத்தையும் மண் விவரத்தையும் வரவழைத்து நடவுத் திட்டம் எழுதினார். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் பிரான்ஸ் நாட்டுக் கல்லறைகள் சிலவற்றுக்கும் அவரே செடிகளைத் தேர்ந்தார்.

1920-ல் வில்லியம் நிக்கல்சன் என்ற ஓவியர் அவரை வரைய வந்தார். பகல் வெளிச்சத்தில் உட்கார ஜீக்கிலுக்கு மனமில்லை. காத்திருந்த நேரத்தில் ஓவியர், தேய்ந்துபோன அவரது தோட்டக் காலணிகளை வரைந்தார். அந்தப் படமும் இன்று புகழ்பெற்றது.

1932 டிசம்பர் 8 அன்று, 89-வது வயதில் ஜீக்கில் காலமானார். 2023-ல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு மன்ஸ்டெட் வுட்டை வாங்கிப் பாதுகாத்து வருகிறது.

காப்பித் தோட்டமோ தென்னந்தோப்போ, மரத்தடியில் ஊடுபயிர் போட நினைப்பவர் அவர் கேட்ட மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த இடத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது? மரவேர் எவ்வளவு பறிக்கிறது? இங்கே தானாக எது முளைக்கிறது? ஓராண்டு பார்த்துக் குறித்து வைத்தால், எதை நடுவது என்பதில் பாதி பதில் கிடைத்துவிடும்.