தளவாய் வேலுத்தம்பி

மலை ஒருபுறமும் கடல் ஒருபுறமும் காவல் செய்ய, இடையே நெல்வயல்கள் பரந்து விளங்கும் வளநாடு நாஞ்சில் நாடு. அதனையும் அதனை அடுத்த கல்குளம், விளவங்கோட்டுப் பகுதிகளையும் தன்னகத்தே கொண்டது கன்னியாகுமரி மாவட்டம். 1956 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று தாய்த்தமிழ் மாநிலத்தோடு இணைந்த இம்மாவட்டம், அதற்கு முன்னர் நெடுங்காலம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. இங்குள்ள குளச்சலில்தான் 1741 ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் டச்சுப் படையை வென்றார். அவ்வெற்றிக்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1765 இல், கல்குளத்தை அடுத்த தலக்குளத்தில் பிறந்தவர் வேலுத்தம்பி.

வேலாயுதன் செண்பகராமன் என்பது அவருடைய முழுப்பெயர். இளமையிலேயே அரசுப்பணி ஏற்ற அவர், உள்ளூர் நிருவாகத்தில் திறமை காட்டினார். 1798 இல் பாலராம வர்மர் அரியணை ஏறினார். மன்னரோ மிக இளையர். ஆட்சியின் கடிவாளம் தகுதியற்ற அமைச்சர் மூவரின் கையில் சிக்கியது. கருவூலம் வறண்டது. அதனை நிரப்புவதற்குச் செல்வரிடமும் குடிகளிடமும் வலிந்து பொருள் பறிக்கப்பட்டது. வேலுத்தம்பியிடமும் பெருந்தொகை கேட்கப்பட்டது. மூன்று நாள் தவணை பெற்று ஊர் திரும்பிய அவர், பணத்தைத் திரட்டினாரல்லர், மக்களைத் திரட்டினார்.

1799 இல் நாஞ்சில் நாட்டு மக்களும் பிறரும் அணியணியாகத் திருவனந்தபுரம் நோக்கிச் சென்றனர். கொடிய அமைச்சரை நீக்குக, முறையற்ற வரிகளை ஒழிக்க என்பன அவர்களுடைய வேண்டுகோள்கள். மன்னர் இணங்கினார். அமைச்சர் மூவரும் பதவி இழந்து தண்டிக்கப்பட்டனர். மக்களின் தலைவராய்ச் சென்ற வேலுத்தம்பி, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் தளவாயாகவே உயர்ந்தார். முதலமைச்சர் பதவியே அந்நாளில் தளவாய் எனப்பட்டது.

தளவாய் ஓரிடத்தில் அமர்ந்து ஆளவில்லை. ஊர் ஊராகச் சென்றார், வழக்குகளை நேரிற் கேட்டார், அவ்விடத்திலேயே தீர்ப்பளித்தார். கையூட்டு வாங்கிய அலுவலர் அவர் பெயர் கேட்டு அஞ்சினர். கணக்குகள் சீர்பெற்றன, அரசின் கடன் குறைந்தது. ஆயினும், அவருடைய நீதியில் கடுமை மிகுந்திருந்தது. சிறு குற்றத்திற்கும் பெருந்தண்டனை விதித்தார். அதனால் அவரைப் போற்றியவர் பலராயினும், வெறுத்தவரும் உளராயினர்.

1804 இல் செலவைச் சுருக்க எண்ணிய தளவாய், படைவீரரின் படியைக் குறைக்க முற்பட்டார். வீரர் கிளர்ந்தெழுந்தனர். அப்பொழுது அவர் நாடியது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையை. கம்பெனியின் பிரதிநிதியாகிய கர்னல் மெக்காலே உதவினார், கிளர்ச்சி அடங்கியது. ஆனால், அவ்வுதவிக்கு விலை உண்டு என்பதை 1805 ஆம் ஆண்டின் உடன்படிக்கை காட்டிற்று. திருவிதாங்கூர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும் என்றும், ஆட்சியில் கம்பெனியின் அறிவுரையைக் கேட்டு நடக்க வேண்டும் என்றும் அது விதித்தது. தளவாய் தாமே அமைத்த வலையில் நாடும் தாமும் அகப்பட்டதை உணர்ந்தார்.

தொகையைக் கட்ட இயலாமல் நிலுவை பெருகியது. தவணை வேண்டினார்; மெக்காலே இசையவில்லை. தளவாயையே பதவியினின்று நீக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பணிவதா, எதிர்ப்பதா என்ற வினா எழுந்தது. வேலுத்தம்பி எதிர்க்கத் துணிந்தார். கொச்சி நாட்டு அமைச்சர் பாலியத்தச்சனும் அவரோடு சேர்ந்தார். ஐரோப்பாவில் நெப்போலியனோடு ஆங்கிலேயர் பொருதுகொண்டிருந்த காலம் அது. 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியிலிருந்த மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. அவர் தப்பிக் கப்பலேறினார்.

1809 சனவரியில் குண்டறை என்னும் ஊரிலிருந்து வேலுத்தம்பி மக்களுக்கு அறிக்கை விடுத்தார். கம்பெனியின் கை ஓங்குமாயின் உப்பும் வாணிகமும் அவர்கள் வசமாகும், வரிகள் பெருகும், நாட்டின் பழைய முறைகள் அழியும் என்று அவ்வறிக்கை எச்சரித்தது. மக்கள் திரண்டனர். அப்போர்க்காலத்தே, கடல்வழி வந்து ஆலப்புழைப் பகுதியில் அகப்பட்ட ஆங்கில வீரர் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். படைக்கலமின்றிச் சிறைப்பட்டோரைக் கொன்ற அச்செயல், விடுதலைப் போரின் மீது படிந்த கறையே ஆகும்.

கொல்லத்தில் நிகழ்ந்த போரில் வெற்றி கிட்டவில்லை. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில், மலையையும் மதிலையும் நம்பித் திருவிதாங்கூர்ப் படை காத்து நின்றது. பிப்ரவரி 10 ஆம் நாள் விடியுமுன், கர்னல் செயின்ட் லெஜரின் படையைச் சேர்ந்த மேஜர் வெல்ஷ், வீரர் சிலரோடு செங்குத்தான மலைமேல் இரவெல்லாம் ஏறிவந்து மதிலைக் கைப்பற்றினார். வாயில் திறந்தபின் நாட்டைக் காப்பது அரிதாயிற்று. சில நாட்களுக்குள் உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன.

மன்னர் கம்பெனியோடு இணங்கினார்; தளவாயைப் பிடிக்க ஆணை பிறந்தது. நாட்டுக்காகப் போரிட்டவர் தம் நாட்டிலேயே ஒளிந்து திரிந்தார். இறுதியில் மண்ணடி பகவதி கோயிலில் பகைவர் சூழ்ந்தபொழுது, அவர்தம் கையில் அகப்பட விரும்பாது உயிர் துறந்தார். உயிரற்ற உடலையும் விடாது, திருவனந்தபுரத்திற்குக் கொணர்ந்து தூக்குமரத்தில் தொங்கவிட்டனர். இச்செயலைக் கவர்னர் ஜெனரலாகிய மிண்டோ பிரபுவே கண்டித்தார். தலக்குளத்து இல்லம் இடிக்கப்பட்டது. தம்பி பத்மநாபன் தூக்கிலிடப்பட்டார்.

ஆண்டுகள் உருண்டன. 1957 இல் வேலுத்தம்பியின் வாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் அளிக்கப்பட்டது. திருவனந்தபுரத் தலைமைச் செயலகத்தின் முன் அவருக்குச் சிலை நிற்கிறது. 2010 இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

ஊர்தோறும் உள்ள பொது நூல்நிலையங்கள் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்திருப்பவை. அங்கே வரலாறு படிப்போரும், போர்க்காலத் தலைவர்களைப் பற்றிய பொழிவுகளைக் கேட்போரும் வெற்றியை மட்டும் தேடுதல் கூடாது. வேலுத்தம்பி அயலாரின் துணையை நாடிப் பிழைத்தார். அப்பிழையை உணர்ந்தபின் அதனைத் திருத்த உயிரையே விலையாகக் கொடுத்தார். குறையையும் நிறையையும் ஒருங்கே சீர்தூக்கி, மிகுதியானதைப் போற்றுவதே வரலாறு கற்பதன் பயனாகும்.