சாப்பாட்டுத் தட்டில் துப்புத் துலக்கிய டாக்டர்

நியூயார்க் நகரில் ஒரு சின்ன மளிகைக் கடை. கடைக்காரரின் மகன் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பான். பையன் பெயர் ஜோசப் கோல்ட்பெர்கர். 1874-ம் ஆண்டில், அப்போது ஹங்கேரியைச் சேர்ந்திருந்த கிரால்ட் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவன். சிறு வயதிலேயே பெற்றோருடன் கப்பலேறி அமெரிக்கா வந்து சேர்ந்தான்.

படிப்பில் கெட்டிக்காரன். 16-வது வயதில் என்ஜினீயரிங் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தான். ஒரு நாள் நண்பன் ஒருவனுடன் மருத்துவக் கல்லூரிக்குப் போனான். அங்கே ஒரு பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்டான். அவ்வளவுதான்! என்ஜினீயரிங்கை விட்டு வைத்தியப் படிப்புக்கு மாறிவிட்டான். 1895-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

கொஞ்ச காலம் சொந்தமாக வைத்தியம் பார்த்தார் டாக்டர் கோல்ட்பெர்கர். மனம் அதில் ஒட்டவில்லை. 1899-ல் சர்க்கார் சுகாதார இலாகாவில் சேர்ந்தார். தொற்றுநோய் பரவும் ஊர்களுக்கெல்லாம் அவரை அனுப்பினார்கள். மஞ்சள் சுரம், டெங்கு, டைபஸ் ஆகிய மூன்று நோய்களும் அவரையே பிடித்தன. மூன்றிலும் பிழைத்து எழுந்தார்.

யாருக்கு வருகிறது?

1914-ல் அவருக்கு ஒரு புது வேலை வந்தது. அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில் பெல்லக்ரா என்ற வியாதி மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. முதலில் தோல் சிவந்து கருகும். பிறகு வயிற்றுப்போக்கு. அடுத்து புத்தி பேதலிக்கும். கடைசியில் சாவு. 1912-ல் தென் கரோலினா என்ற ஒரு மாகாணத்தில் மட்டும் 30,000 பேருக்கு இந்த நோய் கண்டது. 100 பேரில் 40 பேர் இறந்தார்கள்.

இது தொற்று நோய் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நினைத்தார்கள். கோல்ட்பெர்கர் மைக்ராஸ்கோப்பைத் தேடவில்லை. மனநோய் ஆஸ்பத்திரிகளையும் அநாதை விடுதிகளையும் சுற்றி வந்தார். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நோயாளிகளுக்கு பெல்லக்ரா வருகிறது. அவர்கள் பக்கத்திலேயே இருக்கும் நர்சுகளுக்கு வருவதில்லை. தொற்று நோய் ஆள் பார்த்தா பிடிக்கும்?

அநாதை விடுதியில் இன்னொரு வேடிக்கை. 6 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கே நோய் அதிகம். காரணம் தட்டில் இருந்தது. சின்னக் குழந்தைகளுக்குப் பால் உண்டு. வேலை செய்யும் பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி உண்டு. நடுவில் இருந்த பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகுமே அவர்கள் சாப்பாடு.

பால், முட்டை, இறைச்சி, பயறு எல்லோருக்கும் கொடுக்கச் செய்தார். விடுதிகளை விட்டு பெல்லக்ரா ஓடிவிட்டது.

சிறையில் ஒரு சோதனை

அப்படியும் பலர் நம்பவில்லை. சத்துக் குறைவால் நோய் வரும் என்று நேராகவே காட்ட முனைந்தார். 1915-ல் மிஸிஸிபி மாகாணச் சிறைப் பண்ணையில் 12 கைதிகள் முன்வந்தார்கள். சோதனைக்கு உடன்பட்டால் விடுதலை என்று கவர்னர் வாக்களித்திருந்தார். மாவுப் பண்டம், சோறு, சர்க்கரைப் பாகு, கொஞ்சம் கீரை, கிழங்கு என்று சாப்பாடு போட்டார்கள். பால் இல்லை, இறைச்சி இல்லை. சில மாதங்களில் 6 பேருக்கு பெல்லக்ரா வந்தது. கைதிகளின் விடுதலை ஆசையை வைத்து நடத்திய சோதனை அது. இன்று இதற்கு அனுமதி கிடைக்காது.

எதிரிகள் வாய் அப்போதும் அடங்கவில்லை. கோல்ட்பெர்கர் தம் உடம்பையே பணயம் வைத்தார். 1916-ல் நோயாளியின் ரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். நோயாளியின் தோல் பொருக்கையும் மலத்தையும்கூட மாவில் உருட்டி விழுங்கினார். உடன் வேலை செய்தவர்களும் அப்படியே செய்தார்கள். அவர் மனைவி மேரியும் பின்வாங்கவில்லை. ரத்தத்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். வீட்டில் சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்! ஒருவருக்கும் நோய் வரவில்லை.

கூலியும் சாப்பாடும்

தட்டில் பாலும் இறைச்சியும் ஏன் இல்லை? சிடென்ஸ்டிரிக்கர் என்ற பொருளாதார நிபுணருடன் தென் கரோலினாவில் 7 பஞ்சாலைக் கிராமங்களுக்குப் போனார். எந்த வீட்டில் என்ன வருமானம், என்ன சாமான் வாங்குகிறார்கள், யாருக்கு நோய் என்று கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. சுற்றிலும் பருத்தி, காய்கறித் தோட்டம் இல்லை, பசு இல்லை. பொதுச் சுகாதாரம், உணவியல் படிக்கும் மாணவர்கள் இந்தக் கணக்கெடுப்பை இன்றும் பாடமாகக் கற்கிறார்கள்.

பருத்தி விலை விழுந்ததும், நோய் பெருகப் போகிறது என்று 1921-ல் எச்சரித்தார். ஜனாதிபதி ஹார்டிங் நிவாரணம் அளிக்கச் சொன்னார். தெற்கத்தித் தலைவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பஞ்சமா, பெயரைக் கெடுக்கிறார்களே என்று சண்டைக்கு வந்தார்கள். ஏழையின் வயிற்றைவிட மாகாணத்தின் மானம் பெரிதாகப் போயிற்று!

கோல்ட்பெர்கர் மலிவான மருந்து தேடினார். நாய்களை வைத்துச் சோதனை செய்தார். பீர் தயாரிக்க உதவும் ஈஸ்ட் நோயைத் தடுத்தது. 1927-ல் மிஸிஸிபி நதியில் பெருவெள்ளம் வந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்டை ஏராளமாக விநியோகித்தது.

அந்தச் சத்து எது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. சிறுநீரகப் புற்றுநோயால் 1929 ஜனவரி 17-ந் தேதி காலமானார். வயது 54.

எட்டு ஆண்டு கழித்து எல்வேஜம் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். நியாசின் என்ற வைட்டமின் அது. மக்காச்சோளத்தில் அது இருந்தும் உடலில் சேராது. மெக்சிகோ மக்கள் தொன்றுதொட்டு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைப்பார்கள். அதனால் சத்து உடலில் சேர்ந்துவிடும். அமெரிக்காவுக்குத் தானியம் போயிற்று, பக்குவம் போகவில்லை.

1940-களில் மாவிலும் ரொட்டியிலும் நியாசினைக் கலந்து விற்கத் தொடங்கினார்கள். தெற்கு மாகாணங்களில் பெல்லக்ரா மறைந்தது.