கம்பளிக்குள் தூங்கத் தெரியாத மேதை



ராமானுஜன் என்றதும் நமக்கு 1729 ஞாபகம் வரும். டிசம்பர் 22 வந்தால் கணித தின வினாடி வினா ஞாபகம் வரும். நானோ கணக்கில் பெரிய புலி கிடையாது. எம்-1, எம்-2 பேப்பர்களைத் தாண்டி வந்ததே குலதெய்வத்தின் புண்ணியம்! அதனால் அவருடைய தேற்றங்களை விளக்கப் போவதில்லை. ஊரை விட்டு, கடல் தாண்டி, முகம் தெரியாத தேசத்துக்குப் படிக்கப் போன கும்பகோணத்துப் பையன் அங்கே எப்படி இருந்தான், அவனுக்குக் கிடைத்த நண்பர்கள் யார்... அதைத்தான் சொல்லப் போகிறேன்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடைக் கணக்கர். பள்ளிக்கூடத்தில் பரிசு மேல் பரிசு. கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. விளைவு? கும்பகோணத்தில் ஃபெயில், உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. நம்ம பாஷையில் சொன்னா, கடைசிவரை க்ளியர் பண்ணாத அரியர்! டிகிரி இல்லை என்று யாராவது நம்மைக் குறைவாகப் பார்த்தால் இந்த ஒரு பாராவைக் காட்டலாம்.

1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நிரூபணம் ஒன்றுகூட இல்லை. இப்படி வந்த கடிதங்களை வேறு பேராசிரியர்கள் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஹார்டி மட்டும் தன் சக கணிதர் லிட்டில்வுட்டை அழைத்து உட்காரவைத்து வரிவரியாகப் பார்த்தார். எழுதியவர் அசல் மேதை என்று அன்றிரவே இருவரும் முடிவுக்கு வந்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத ஒருவர் நெவில். 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த இளம் கணிதர். ராமானுஜனோடு நேரில் பழகி, அவரைக் கப்பலேறச் சம்மதிக்க வைத்தவர் இவர்தான். கடல் தாண்டினால் ஜாதியை விட்டு விலக்கிவைக்கும் காலம் அது. அம்மா கோமளத்தம்மாள் கனவில் நாமகிரித் தாயாரின் உத்தரவு கிடைத்த பிறகுதான் வீட்டில் வழி விட்டார்கள் என்பார்கள். புறப்படும் முன் குடுமியை வெட்டி, கோட்டு, காலர், பூட்ஸ் எல்லாம் மாட்டிவிட்டார்கள். 1914 மார்ச் 17-ல் 'நெவாசா' கப்பல் கிளம்பியது. ஏப்ரல் 14-ல் லண்டன் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் காத்திருந்தவரும் அதே நெவில்தான். முதல் சில வாரங்கள் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். பிறகுதான் ட்ரினிட்டி கல்லூரி விடுதி அறை.

விடுதி என்றால் சாப்பாடு. ட்ரினிட்டி உணவுக் கூடத்தில் அவர் உட்காரவே இல்லை. சைவம் என்றாலும் அங்கே எதில் எந்தக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற பயம். அறையிலேயே கேஸ் அடுப்பில் தானே சமைத்தார். ஊரிலிருந்து புளியும் தேங்காயெண்ணெயும் பார்சலில் வரவழைத்தார். அந்த வருஷம் ஆகஸ்டில் யுத்தம் வந்துவிட்டது. அதன்பின் அங்கே காய்கறி கிடைப்பதும் சிரமமாகிப் போனது. கணக்கு பிடித்துவிட்டால் ராத்திரி பகல் தெரியாது, சமையலும் மறந்துவிடும்.

குளிர் இன்னொரு பக்கம். அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காளி மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போனார். (1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர் இவர்தான்.) ராத்திரி குளிர் தாங்க முடிகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். அவ்வளவு ஏழ்மையா, கம்பளி தரவில்லையா என்று மகலனோபிஸ் படுக்கையறையில் எட்டிப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன! எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். அது அந்த ஊர் வழக்கம். அதைப் பிரித்து நடுவில் நுழைந்து படுக்க வேண்டும் என்று இவருக்குச் சொல்வார் யாருமில்லை. விரிப்புக்கு மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். எப்படி உள்ளே போவது என்று நண்பர் செய்து காட்டினார்.

எனக்கு 1729-ஐ விட இந்தக் கதைதான் பிடிக்கும். பாயில் படுத்து வளர்ந்தவருக்கு மெத்தைக் கட்டில் ஒரு புரியாத யந்திரம். படுக்கை போட்டுவைத்த ஊழியருக்கோ, இதை ஒருவர் அறியாமல் இருக்க முடியும் என்றே தோன்றியிருக்காது. எங்க ஹாஸ்டல்ல பூட்டான் நண்பன் ஒருத்தன் இருக்கான். காரம் தாங்கமாட்டான் என்று சமையல் அண்ணன் அவனுக்குத் தனியாக மிளகாய் குறைத்து எடுத்துவைத்தார். ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது, அவங்க ஊர்ல மிளகாயே காய்கறி! பாலாடைக்கட்டியோடு சேர்த்துக் குழம்பாக வைத்துச் சாப்பிடுவார்களாம். இதையும் யாரோ ஒருத்தன் கேட்டதால்தான் தெரிய வந்தது.

இந்தியர்களுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. ஒருமுறை ராமானுஜன் இந்திய நண்பர் ஒருவரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் விருந்துக்கு அழைத்து, தன் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். சாறு ஒரு முறை, இரு முறை... மூன்றாம் முறை பெண்கள் போதும் என்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம்! காத்திருந்துவிட்டு அவர்கள் திரும்பிவிட்டார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. பரிமாறியதை வேண்டாம் என்றது தாங்காமல் ஊரை விட்டே போயிருந்தார். நம்ம ஊர்ப் பாட்டிகளை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

ஹார்டி விஷயத்துக்கு வருவோம். பத்து வயது மூத்தவர், கிரிக்கெட் பித்தர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், மிகுந்த கூச்சக்காரர். வெளியூர் ஓட்டலில் தங்கினால் அறைக் கண்ணாடியைத் துண்டால் மூடிவைக்கும் ஆள். கணக்கில் இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். கைதேர்ந்த மெக்கானிக் சத்தத்தை வைத்தே எஞ்சின் கோளாறைச் சொல்வார். நாம் மீட்டர் வைத்துத்தான் ஒப்புக்கொள்வோம். ராமானுஜன் முதல் ரகம், ஹார்டி இரண்டாவது. ரொம்பத் திருத்தினால் அந்த இயல்பான ஓட்டம் நின்றுபோகுமோ என்று ஹார்டி பயந்து பயந்துதான் நிரூபண முறையைச் சொல்லிக்கொடுத்தார்.

இருவரும் சேர்ந்து செய்த வேலை ஒன்று: ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4-ஐ 5 விதமாகப் பிரிக்கலாம் (4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1). 200-ஐ? 39,72,99,90,29,388 விதம்! மேஜர் மக்மஹன் என்பவர் கையாலேயே கணக்கிட்ட விடை இது. 1918-ல் வெளியான ஹார்டி-ராமானுஜன் சூத்திரம் அதோடு பொருந்தி நின்றது. இதைத் தனியாக இருவராலும் செய்திருக்க முடியாது என்றே கணிதர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் கணக்கை விட்டால்? ஒருவர் சொந்த விஷயத்தில் மற்றவர் தலையிடக் கூடாது என்பது ஹார்டி வளர்ந்த நாகரிகம். நம்ம ஊரில் ரயிலேறிப் பத்து நிமிஷத்தில் ஊர், பேர், சம்பளம், எத்தனை பிள்ளை எல்லாம் கேட்டுவிடுவோம். கேட்காமல் இருப்பது அவருக்கு மரியாதை. ராமானுஜனோ கேட்காமல் எதையும் சொல்கிறவர் இல்லை. மனைவி ஜானகியிடமிருந்து கடிதம் வராத ஏக்கம் (எழுதியதை மாமியார் தடுத்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது), பசி, குளிர்... எல்லாம் உள்ளுக்குள்ளேயே.

1917-ல் உடம்பு படுத்தது. காசநோய் என்று நினைத்து, மேட்லாக்கில் ஜன்னலைத் திறந்தே வைக்கும் குளிர்ந்த அறையில் வைத்தியம். குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் அன்றைக்கே குணப்படுத்தக் கூடியதுதான். 1918 தொடக்கத்தில் மனம் ஒடிந்து, லண்டன் சுரங்க ரயிலின் முன் விழுந்துவிட்டார். ரயில் சில அடி தூரத்தில் நின்றது. தற்கொலை முயற்சி அப்போது அங்கே குற்றம். போலீஸிடம் ஓடிவந்து பேசி மீட்டவர் ஹார்டி. அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினர், ட்ரினிட்டி ஃபெலோ என்று அடுத்தடுத்து கௌரவங்கள். அதற்காக விடாமல் முயன்றவரும் ஹார்டிதான்.

அந்த 1729 கதையை இப்போது படித்துப் பாருங்கள். புட்னி மருத்துவமனையில் நண்பன் படுத்திருக்கிறான். ஹார்டிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வந்த டாக்ஸியின் எண்ணைச் சொல்லி, சுவாரஸ்யமில்லாத எண் என்கிறார். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்கிறார் ராமானுஜன். 12-ன் கனமும் 1-ன் கனமும். 10-ன் கனமும் 9-ன் கனமும். எல்லோரும் இதில் மேதைமையைப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கத் தெரியாதவர் எண்ணால் நலம் விசாரித்தார், இவர் எண்ணாலேயே பதில் சொன்னார் என்றுதான் படுகிறது.

1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் புதுக் கண்டுபிடிப்பு. 'மாக் தீட்டா' சார்புகள். அவற்றின் உள்ரகசியம் பிடிபட 2002 வரை ஆனது. ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தபோது வயது 32.

1936-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹார்டி அவரைப் பற்றிப் பேசினார். சில வருஷம் அநேகமாகத் தினமும் பார்த்துப் பேசியும், எந்தத் தேற்றம் எப்படித் தோன்றியது, ஊரில் என்னென்ன படித்தார் என்று கேட்டு வைக்காமல் விட்டதற்கு வருந்தினார். நாளுக்கு அரை டஜன் புதுத் தேற்றம் கொண்டுவருகிறவரிடம் பழசைக் கிளறத் தோன்றவில்லையாம். கேட்டிருந்தால் ராமானுஜன் மறைக்காமல் சொல்லியிருப்பார் என்றும் அவர் நம்பினார்.