கனவை ஆள நினைத்த பிரபு

தூங்கும்போது கனவு வருகிறது. ராஜாவாக இருக்கிறோம், பிச்சை எடுக்கிறோம், பறக்கிறோம், விழுகிறோம். விழித்த பிறகுதான், அடடா, எல்லாம் கனவா என்று தெரிகிறது.

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே அது கனவு என்று தெரிந்துவிட்டால்? அப்போது அதை நம் இஷ்டப்படி நடத்த முடியுமா?

இந்தக் கேள்விக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் தம் தூக்கத்தையே சோதனைச் சாலை ஆக்கினார் ஒரு பிரெஞ்சுக்காரர். ஹெர்வே த சாந் தெனி என்பது அவர் பெயர்.

பாரீஸ் நகரில் 1822-ம் ஆண்டு மே 6-ந் தேதி, செல்வம் மிகுந்த பிரபு குடும்பத்தில் பிறந்தார் ஹெர்வே. வீட்டிலேயே படிப்பு. துணைக்குப் பிள்ளைகள் அதிகம் இல்லை. படம் வரைவதில் மட்டும் ஆசை அதிகம்.

13 வயதில் ஒரு நாள், ராத்திரி கண்ட கனவு ஒன்றைப் படமாக வரைந்து பார்த்தார். படம் நன்றாக வந்தது. மறுநாளும் வரைந்தார். அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். படத்தின் கீழே கனவின் கதையையும் எழுதினார்.

விளையாட்டாகத் தொடங்கியது விரதம் போல் ஆகிவிட்டது. மொத்தம் 22 நோட்டுப் புத்தகங்கள்! 1,946 இரவுகளின் கனவுகள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுத எழுதக் கனவுகள் அதிகம் நினைவில் நின்றன. தினமும் கனவைப் பற்றியே நினைத்ததால், அந்த நினைப்பு கனவுக்குள்ளும் புகுந்தது. 207-வது இரவில், தூக்கத்திலேயே, தான் காண்பது கனவு என்ற அறிவு வந்தது. அதற்கு ஆறு மாதம் பழகியதும் ஐந்து இரவுகளில் இரண்டு இரவு அப்படி ஆயிற்று. ஓராண்டில் நான்கில் மூன்று. பதினைந்து மாதத்தில் அநேகமாக எல்லா இரவுகளிலும்!

துரத்திய பூதங்கள்

இந்த அறிவினால் என்ன லாபம்? ஒரு பெரிய லாபம் அவருக்குக் கிடைத்தது.

ஹெர்வேக்கு ஒரு பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வந்தது. கோரமான பூதங்கள் துரத்தும். அறை அறையாக ஓடுவார். கதவைத் திறக்கக் கை வராது. திறந்து உள்ளே போய்ச் சாத்தினால், பின்னாலேயே பூதங்கள் அதைத் திறக்கும் சத்தம் கேட்கும். வியர்த்து விறுவிறுத்து விழித்துக்கொள்வார்.

நான்காவது தடவை. பூதங்கள் பாயப் போகும் சமயம் அவருக்கு அறிவு வந்துவிட்டது. இது கனவல்லவா? பின் ஏன் ஓட வேண்டும்? சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தலைமைப் பூதத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

முதலில் நெஞ்சு பதைத்தது. கனவு என்று தெரிந்தும் பயம் உடனே போகவில்லை! ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையில் ஏழு நகங்கள் இருப்பதைக் கண்டார். புருவ மயிரைக் கண்டார். தோளில் இருந்த காயத்தைக் கண்டார். பார்க்கப் பார்க்கப் பூதத்தின் வேகம் குறைந்தது. மற்றப் பூதங்கள் மாயமாய் மறைந்தன. கடைசியில் தலைமைப் பூதமும் உருவம் கலைந்து, வேஷக்காரர் கடையில் தொங்கும் பழந்துணி போல் ஆகிவிட்டது.

அவர் பூதத்தோடு சண்டை போடவில்லை, போ என்று கட்டளை இடவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நின்று பார்த்தார், அவ்வளவுதான்.

தலையணையில் அத்தர்

கனவைத் திருப்பிவிடவும் அவர் வழி தேடினார். பிரான்சில் விவாரே என்ற மலைப் பிரதேசத்துக்குப் போனபோது, புதிய அத்தர் ஒன்றை வாங்கிப் போனார். அங்கே இருந்த நாளெல்லாம் கைக்குட்டையில் அதைப் பூசிக்கொண்டார். ஊர் திரும்பியதும் புட்டியை மூடி வைத்துவிட்டார். சில மாதம் கழித்து அதை வேலைக்காரனிடம் கொடுத்தார். என்றாவது ஒரு நாள், தாம் தூங்கும்போது, தலையணையில் சில சொட்டு விட வேண்டும். எந்த நாள் என்று சொல்லக்கூடாது!

பல நாள் ஒன்றும் இல்லை. அத்தர் தெளித்த ராத்திரி, கனவில் விவாரே மலைகள் வந்து நின்றன.

மற்றொரு சோதனை சங்கீதத்தில். நடன விருந்துகளில் ஒரு பெண்ணோடு ஆடும்போது ஒரு குறிப்பிட்ட பாட்டையும், இன்னொரு பெண்ணோடு ஆடும்போது வேறொரு பாட்டையும் வாசிக்கும்படி வாத்தியக்காரரிடம் ஏற்பாடு செய்தார். பிறகு அந்தப் பாட்டுகளை வாசிக்கும் இசைப்பெட்டியைப் படுக்கை அருகே வைத்து, தூங்கும் வேளையில் பாடச் செய்தார். பாட்டுக்கு உரிய பெண் கனவில் வந்தாள். ஆனால் எப்போதும் நடன உடையில் வரவில்லை. இடமும் நடன மண்டபமாக இல்லை!

ஆளை அழைக்க முடிந்தது. அந்த ஆள் எப்படி வரவேண்டும் என்பது அவர் கையில் இல்லை.

குதிரையும் கோபுரமும்

ஒரு கனவில் குதிரை மேல் போகிறார். கனவு என்று தெரிகிறது. பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காட்டுக்குள் போகிறது, மற்றது பாழடைந்த மாளிகைக்குப் போகிறது. எதில் போவது என்று அவரே யோசித்துத் தீர்மானிக்கிறார். இங்கே குதிரையும் அவர் சொன்னபடி கேட்டது.

எப்போதும் அப்படி இல்லை. கனவில் செத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு விபரீத ஆசை அவருக்கு வந்தது. உயரத்து ஜன்னலில் இருந்து கனவிலேயே குதித்தார். விழவே இல்லை! மறு நிமிஷம் ஒரு கோயில் வாசலில், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார். கோபுரத்தில் இருந்து விழுந்து இறந்தவர் யாரோ ஒருவர். அவரை எல்லோரும் பார்க்கிறார்கள், இவரும் பார்க்கிறார்.

நினைவில் உள்ள சரக்கைக் கொண்டுதான் மனம் கனவை நெய்கிறது, சாவை அனுபவித்த நினைவு யாருக்கு உண்டு என்பது ஹெர்வேயின் விளக்கம். கனவின் எல்லாக் கட்டங்களையும் தம்மால் ஆள முடிந்தது என்று அவர் ஒருபோதும் பெருமை பேசவில்லை.

பெயர் இல்லாத புத்தகம்

1867-ம் ஆண்டு, கனவுகளையும் அவற்றை நடத்தும் வழிகளையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் பாரீசில் வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டம் அல்ல. ஹெர்வே அப்போது சீன மொழி அறிஞர் என்று பெயர் வாங்கியிருந்தார். தாங் அரசர் காலத்துச் சீனக் கவிதைகளை 1862-ல் பிரெஞ்சில் தந்தவர் அவர். 1874-ல் காலேஜ் த பிரான்ஸ் என்ற பெரிய கல்வி நிலையத்தில் சீன மொழிப் பேராசிரியர் ஆனார். அப்படிப்பட்டவர் ராத்திரிக் கனவைப் பற்றி 500 பக்கம் எழுதினால் ஊர் சிரிக்காதா?

அதே கல்வி நிலையத்தில் ஆல்பிரெட் மோரி என்பவரும் இருந்தார். அவரும் தூக்கத்தை ஆராய்ந்தவர். ஆனால் தூக்கத்தில் புத்தி மங்கிப் போகிறது என்பது அவர் கட்சி. தூக்கத்திலும் அறிவும் விருப்பமும் வேலை செய்யும் என்பது ஹெர்வேயின் கட்சி. இருவரும் 1892-ம் ஆண்டிலேயே காலமானார்கள். ஹெர்வே இறந்தது நவம்பர் 2-ந் தேதி.

வழக்கு அவர்களோடு முடியவில்லை. 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவர் ஒரு தந்திரம் செய்தார். கனவு காணும் வேளையில் உடம்பு அசையாது. ஆனால் கண்மணி அசையும். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமும் ஓட்டும்படி, தூங்குகிறவரிடம் முன்பே சொல்லி வைத்தார். கருவியில் அந்தச் சைகை பதிவானது! அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் என்பவரும் தனியாக இதையே நிரூபித்தார். தூக்கத்தில் அறிவு விழிக்கும் என்பதில் ஹெர்வே சொன்னது சரிதான். ஆனால் கனவு என்று தெரிந்துகொள்கிறவர்களில் பலரால் அதை மாற்ற முடிவதில்லை என்பதையும் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள்.

கனவு ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற பிராய்டு, ஹெர்வேயின் புத்தகத்தை எங்கெங்கோ தேடினார். கிடைக்கவே இல்லை. அவ்வளவு அரிதாகிவிட்டிருந்தது அது! 1964-ல்தான் பாரீசில் அதை மறுபடி அச்சிட்டார்கள். படங்களோடு அவர் எழுதி வைத்த 22 நோட்டுப் புத்தகங்கள் மட்டும் போன இடம் தெரியவில்லை.