மண்ணைக் கற்பித்த ஆசிரியர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மாநிலங்களுள் ஒன்று மிசௌரி. அங்கே டைமண்ட் என்னும் சிற்றூரை அடுத்து மோசஸ் கார்வர் என்ற உழவரின் பண்ணை இருந்தது. 1864-ஆம் ஆண்டையொட்டி, அப்பண்ணையில் மேரி என்னும் அடிமைப் பெண்ணுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அது பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. ஆடு மாடுகளைப் போல மனிதரையும் விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. அடிமையின் குழந்தைக்குப் பிறந்தநாள் எதற்கு என்று எண்ணினர் போலும்!

உள்நாட்டுப் போரால் நாடெங்கும் குழப்பம் மிகுந்திருந்தது. ஓரிரவு கொள்ளையர் சிலர் பண்ணையிற் புகுந்து தாயையும் கைக்குழந்தையையும் கவர்ந்து சென்றனர். மோசஸ் ஆளனுப்பித் தேடினார். குழந்தை மட்டுமே மீண்டது. தாய் என்ன ஆனாள் என்பது இறுதிவரை தெரியவில்லை. குழந்தையை மீட்டுக் கொணர்ந்தவனுக்குப் பந்தயக் குதிரை ஒன்று பரிசாக அளிக்கப்பட்டது என்பர். அக்குழந்தையே பின்னாளில் உலகறிந்த வேளாண் அறிஞராகிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. மக்கட்பேறற்ற மோசஸும் அவர்தம் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் தமையனையும் தம் இல்லத்திலேயே வளர்த்தனர். ஜார்ஜ் நோயாளிச் சிறுவன். ஏர் பிடிக்கவும் மரம் வெட்டவும் வலிமையில்லாமையால், சூசனுக்குத் துணையாகச் சமைத்தல், துணி வெளுத்தல், தையல் முதலிய வேலைகளைக் கற்றான். எஞ்சிய பொழுதெல்லாம் அருகிலிருந்த காட்டிலேயே கழியும். கண்ட செடிகளைப் பெயர்த்து வந்து, பிறர் கண்ணிற்படாத ஓரிடத்தில் நட்டு, தனக்கென ஒரு தோட்டத்தை அமைத்துக்கொண்டான். ஒரு செடி நிழலில் தழைக்கிறது. மற்றொன்று வெயிலை நாடுகிறது. மணலில் வாடுவது கரிய மண்ணில் தளிர்க்கிறது. இவற்றையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமிலர்; பார்த்துப் பார்த்தே அறிந்தான். அயலார் தம் வீட்டில் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவரத் தொடங்கினர். செடி மருத்துவன் என்ற பெயரும் அவனுக்கு உண்டாயிற்று.

அவ்வூர்ப் பள்ளியில் கறுப்பினச் சிறுவருக்கு இடமில்லை. அவர்களுக்கான பள்ளி சில கல் தொலைவிலுள்ள நியோஷோ நகரில் இருந்தது. பன்னிரண்டு வயதளவில் ஜார்ஜ் தனியே அங்குச் சென்றான். கறுப்பினத் தம்பதியர் இருவர் அவனுக்கு அடைக்கலம் தந்தனர். அவ்வீட்டு வேலைகளைச் செய்துகொண்டே படித்தான். பிறகு கான்சஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைந்து, துணி வெளுத்தும் சமைத்தும் பொருளீட்டி உயர்நிலைக் கல்வியை முடித்தான். 1885-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி அவனை ஏற்பதாக எழுதியது. நேரிற் சென்று நின்றபோதோ, அவன் நிறத்தைக் கண்டு மறுத்துவிட்டது.

எனினும் அவர் கற்பதைக் கைவிடவில்லை. 1890-இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கு அவர் பயின்றது ஓவியம். மலர்களையும் செடிகளையும் அவர் தீட்டிய திறத்தைக் கண்ட ஓவிய ஆசிரியை, செடிகளிடத்து அவருக்கிருந்த அறிவையும் கண்டுகொண்டார். எய்ம்ஸ் நகரத்து வேளாண் கல்லூரியில் அவ்வாசிரியையின் தந்தை பேராசிரியராக இருந்தார். அங்குச் சென்று பயிலுமாறு ஆசிரியை அறிவுறுத்தினார். ஓவியத்தை உயிரெனக் கருதிய இளைஞருக்கு அஃது எளிய முடிவன்று. ஆயினும் தம் இனத்தாருள் பெரும்பாலோர் மண்ணை நம்பி வாழ்பவர் என்பதை நினைந்து, 1891-இல் வேளாண் கல்வியை மேற்கொண்டார். அக்கல்லூரியிற் பயின்ற முதற் கறுப்பின மாணவர் அவரே. 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

எய்ம்ஸ் நகரில் கார்வர் காடுமேடுகளிற் செடி தேடிச் செல்லும்போது ஒரு சிறுவனும் உடன் செல்வதுண்டு. அவனுக்கு அப்போது ஆறு வயதளவே இருக்கும். கல்லூரியைச் சார்ந்த ஒருவரின் மகன். புல்லின் பூவையும் அதன் உறுப்புகளையும் காட்டிக் காட்டி விளக்குவார் கார்வர். அச்சிறுவனே பின்னர்த் தன் நாட்டின் வேளாண்மை அமைச்சராகவும், 1941 முதல் 1945 வரை துணைக் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஹென்றி வாலஸ். தாவரங்களின்பால் தமக்கு ஈடுபாடு உண்டானமைக்கு அந்நடைப் பயணங்களே காரணம் என வாலஸ் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1896-ஆம் ஆண்டில் கார்வரின் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னுமிடத்தில், கறுப்பின மக்களுக்கெனக் கல்வி நிலையம் ஒன்றைப் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திவந்தார். வேளாண்மைத் துறைக்குத் தலைமை ஏற்க வருமாறு அவர் கார்வரை அழைத்தார். கார்வரும் எய்ம்ஸ் நகர வாழ்வைத் துறந்து சென்றார். அங்கே ஆய்வுக்கூடம் இல்லை, கருவிகள் இல்லை, அவற்றை வாங்கப் பணமும் இல்லை. மாணவரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குச் சென்றார். உடைந்த புட்டிகள், பழைய பாத்திரங்கள் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, அறுத்தும் ஒட்டியும் ஆய்வுக்கருவிகள் ஆக்கினார்.

கருவி இல்லாக் குறையினும் பெருங்குறை மண்ணில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்து வந்தமையால் நிலம் சத்திழந்து கிடந்தது. மழை பெய்யுந்தோறும் மேல்மண் கரைந்தோட, நிலமெங்கும் ஓடைகள் போலப் பள்ளங்கள் விழுந்தன. உழுதவருள் பலர் வாரக் குடியானவர். நிலம் பிறருடையது; விதையும் உணவும் கடனாகப் பெற்றவை; விளைந்த பருத்தி கடனுக்கே போதாது. பருத்தி விற்றாலன்றிக் கடன் தீராது. ஆகவே வீட்டு வாசல்வரை பருத்தியையே பயிரிட்டனர். காய்கறி விளைக்க ஒரு சாண் நிலமும் விடவில்லை. சோள மாவும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகுமே உணவாயின. பிள்ளைகள் மெலிந்தனர். அப்பிள்ளைகளும் பருத்தி எடுக்கும் பருவத்தில் வயலுக்குச் சென்றுவிட, பள்ளிக்குரிய நாட்களோ மிகச் சிலவே.

இத்தகைய மக்களிடம் விலை மிகுந்த உரத்தை வாங்குமாறு கூறிப் பயன் என்? இதனை உணர்ந்ததே கார்வரின் பெருமை. டஸ்கீகியின் ஆய்வுப் பண்ணைக்கு மிக மோசமான நிலமே கிடைத்திருந்தது. அவர் அதனை ஆழ உழுதார். காட்டிலிருந்து இலைச் சருகும், சதுப்பு நிலத்திலிருந்து சேறும் கொணர்ந்து, மாணவரைக் கொண்டு மட்கச் செய்து இட்டார். பருத்திக்கு மாற்றாகக் காராமணியை விதைத்தார். அவரையினத்துச் செடிகளின் வேர்களில் சிறு முடிச்சுகள் உள. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிச் செடிக்கேற்ற உணவாக்குகின்றன. அதன் ஒரு பகுதி மண்ணுக்கும் சேர்கிறது. கொழுஞ்சியையும் சணப்பையையும் நம் உழவர் விதைத்து மடக்கி உழுவதும் இக்காரணம் பற்றியே. சில ஆண்டுகளில் அப்பாழ்நிலம் விளைநிலமாயிற்று. அம்முறைகளைத் தொகுத்து, சத்திழந்த நிலத்தைச் சீர்செய்வது பற்றி 1905-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். எழுத்தறிவு குறைந்தோரும் கேட்டு உணரும்படி எளிய நடையில் அவர் வெளியிட்ட அத்தகைய நூல்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை.

முதியோர் பழக்கத்தை எளிதில் விடார். பிள்ளைகளின் கைகளோ புதியன செய்ய முந்துவன. ஆதலின் கார்வர் பள்ளிகளின்பால் தம் கருத்தைச் செலுத்தினார். சிற்றூர்ப் பள்ளிகளில் இயற்கைப் பாடமும் தோட்டவேலையும் கற்பிப்பது எவ்வாறு என்பதை ஆசிரியர்களுக்கு விளக்கி, 1910-இல் ஒரு நூல் எழுதினார். ஏட்டில் உள்ள படத்தைக் காட்டிச் செடியைக் கற்பிப்பதை அவர் விரும்பவில்லை. மாணவன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும். மணல் எது, களிமண் எது, மட்கு எது என விரல்களாலேயே அறிதல் வேண்டும். விதைத்து, களை பறித்து, அறுத்து, உண்டு பார்த்தல் வேண்டும். கணக்கும் எழுத்தும்கூட அத்தோட்டத்திலிருந்தே பிறக்கலாம் என்பது அவர் கொள்கை. அவரும் அவ்வாறே நடந்தார். நாள்தோறும் கதிரவன் எழுமுன் காட்டிற்குச் செல்வார். புதிய செடியோ காளானோ மண்ணோ கொண்டு வருவார். அன்றைய பாடம் அதிலிருந்தே தொடங்கும். சட்டையில் ஒரு மலரை அணியாமல் அவரைக் காண்பது அரிது.

பள்ளிக்கு வர இயலாதாரிடம் பள்ளியே செல்லட்டும் என்ற எண்ணமும் செயலாயிற்று. தொடக்கத்தில் ஓய்வு நாட்களில் வண்டியொன்றில் கருவிகளை ஏற்றிக்கொண்டு கார்வர் தாமே ஊர்களுக்குச் சென்றார். 1906-இல், நியூயார்க் நகரச் செல்வர் மோரிஸ் ஜெசப் அளித்த பொருளுதவியால், இதற்கெனவே ஒரு வண்டி அமைக்கப்பட்டது. கலப்பை, விதை, உர மாதிரிகள், வெண்ணெய் கடையும் பொறி, பாலை ஆயும் கருவி எல்லாம் அதில் இருந்தன. வண்டி ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும். அண்டை அயலார் குடும்பத்துடன் கூடுவர். அவ்வீட்டு நிலத்திலேயே உழுது காட்டுவர். தமக்குப் பழகிய மண்ணில் நேரில் நிகழ்வதை எவர் மறுப்பார்? கார்வரின் மாணவராகிய தாமஸ் கேம்ப்பெல் அவ்வண்டியின் பொறுப்பை ஏற்றார்.

சில ஆண்டுகளில் பெருந்துன்பம் ஒன்று வந்தது. மெக்சிக்கோவிலிருந்து பரவிய பருத்திக் கூன்வண்டு அலபாமாவையும் அடைந்து பருத்தியை அழித்தது. நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் பயிரிடுமாறு கார்வர் நெடுநாளாகக் கூறிவந்த சொல்லுக்கு இப்போது செவிசாய்த்தோர் பலர். விளைந்த கடலையை என்ன செய்வது என்ற வினாவும் உடன் எழுந்தது. 1916-இல் வெளிவந்த அவர் நூல், நிலக்கடலையை உணவாக்க 105 வழிகளைக் கூறியது. 1921-இல் நாட்டின் சட்டமன்றக் குழு ஒன்றின்முன் நிலக்கடலைப் பொருள்களைக் காட்டி விளக்க அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட்டது. முதலில் ஏளனமாகப் பேசியோரும் பின்னர் அவரை நெடுநேரம் பேசவிட்டுக் கேட்டனர். அன்று முதல் அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று இன்றும் சிலர் எழுதுவர். அது பிழை, அவருக்கு முன்பே அது வழக்கில் இருந்தது. அவர் ஆய்ந்து கண்ட நூற்றுக்கணக்கான பொருள்களுள் அங்காடிக்கு வந்தவையும் மிகச் சிலவே. நிருவாகத்திலும் அவர் வல்லவர் அல்லர். கோழிப்பண்ணைக் கணக்குகளைப் பற்றி அவருக்கும் புக்கர் வாஷிங்டனுக்கும் இடையே மனக்கசப்பு நேர்ந்ததுண்டு. செத்த நிலத்தில் ஓர் ஏழை, செலவின்றிப் பயிர் செய்யக் கற்றான் என்பதை நோக்க, கடலைப் பொருள்களின் புகழ் சிறிதே.

கார்வர் மணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் டஸ்கீகியிலேயே பணியாற்றினார். நம் காந்தியடிகளின் உணவுமுறைக்கும் ஏற்ற குறிப்புகளை அங்கிருந்து எழுதி அனுப்பினார். தம் சேமிப்பு முழுவதையும் ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையத்திற்கு அளித்துவிட்டு, 1943-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் காலமானார். புக்கர் வாஷிங்டனின் கல்லறை அருகே அவரை அடக்கம் செய்தனர்.

அதே ஆண்டு ஜூலைத் திங்களில், அவர் பிறந்த மிசௌரிப் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. கறுப்பினத்தார் ஒருவருக்கென அந்நாட்டில் அமைந்த முதல் தேசிய நினைவிடம் அதுவே. அவர் அலைந்து திரிந்த காட்டினூடே இன்று ஒரு நடைபாதை செல்கிறது. அதன் அருகே பாறையொன்றில் அமர்ந்த சிறுவனின் சிலை உளது. சிறுவனின் கையில் ஒரு செடி இருக்கிறது.